மழைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், பள்ளி விடுமுறை தொடங்கியதும் தோழியும் நானும் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு மொரீஷியஸிலிருந்து நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போனதையும், ஏரிகளும், மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் ஃபியோர்டுகளும் நிறைந்த அதன் தென்மேற்கு மூலையில் 19 நாட்கள் சுற்றிவந்ததையும் எழுதியிருந்தேன். அவள் செவிலியர், நான் தமிழ் ஆசிரியை. இருவருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களைக் காவடி விரத நாட்களில் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை எல்லோருக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டீச்சர், நானும் என் தோழியும் வரும் டிசம்பரில் போகிறோம். கையில் 10 நாட்கள் இருக்கின்றன. பாலத்திலிருந்து கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்ஜி, ஜெட் படகு, பாராகிளைடிங், ராய்ஸ் பீக் ஏற்றம், கெப்ளர் மலைநடை, மில்ஃபோர்டில் கயாக் என்ற துடுப்புப் படகு, டவுட்ஃபுல் சவுண்ட் என்று பட்டியல் போட்டுவிட்டோம். எதை முதலில் செய்யலாம்? — கத்ர் போர்ன் வாசகி

தங்கைகளே, பட்டியலில் பாதியை இன்றே அடித்துவிடுங்கள். எந்தப் பாதி என்பது உங்கள் விருப்பம். பாதி போயாக வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

முதல் காரணம் தூரம். நாம் க்ரான் பேயில் காலைக் காப்பி குடித்துவிட்டு சுய்யாக்கில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பழகியவர்கள். அங்கே ஏரிக்கரை ஊரான குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு ஃபியோர்டுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 290 கிலோமீட்டர். நிற்காமல் போனாலே 4 மணி நேரம் ஆகும். காலையில் பஸ் ஏறி, ஃபியோர்டில் ஒரு படகுச் சுற்று போய்விட்டு, இரவே திரும்பும் ஒருநாள் பயணத்தைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். அந்த நாளில் பார்த்த நேரத்தைவிட இருக்கையில் உட்கார்ந்த நேரமே பல மடங்கு. ஃபியோர்ட்லாந்து தேசியப் பூங்கா மட்டும் 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது. நம் தீவைப் போல ஆறு தீவுகள் அதற்குள் அடங்கும்.

இரண்டாவது காரணம் மழை. மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. குடையில்லாமல் வெளியே போக முடியாத ஊர் என்று நாம் சொல்லும் கியூர்ப்பிப் கூட அதன் பக்கத்தில் நிற்க முடியாது. எங்களுடைய ஒன்பதாம் நாள் கயாக் நாள். அன்று காலை ஆறு மணிக்கே கனமழையால் மில்ஃபோர்டு சாலை மூடப்பட்டது. நாங்கள் கலங்கவில்லை. பத்தாம் நாளுக்கு எதையும் போடாமல் விட்டிருந்தோம். எங்களுடன் விடுதியில் தங்கியிருந்த இரண்டு இளைஞர்களுக்கு மறுநாள் காலை விமானம். அந்த இருவரும் சமையலறை மேசையில் கைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, 120 கிலோமீட்டர் தள்ளி இருந்ததைப் பார்க்காமல் திரும்பினார்கள்.

ஆகவே 10 நாட்களில் குவீன்ஸ்டவுனுக்கு இரண்டு போதும். ராய்ஸ் பீக் இருக்கும் வனாக்காவை இந்த முறை விட்டுவிடுங்கள். மனம் கேட்காவிட்டால் ஒரு நாள் கொடுங்கள். மீதியெல்லாம் தே அனாவில். அது மில்ஃபோர்டு சாலை தொடங்கும் ஊர், கெப்ளர் பாதைக்கும் அதுவே வாசல். அந்த மீதி நாட்களில் இரண்டைக் காலியாக வையுங்கள். இன்னொரு ஃபியோர்டான டவுட்ஃபுல் சவுண்டுக்கு மனப்பூரி ஏரியைப் படகில் கடந்து, பஸ்ஸில் ஒரு கணவாயைத் தாண்டி, மறுபடியும் படகு ஏற வேண்டும். அதுவா மில்ஃபோர்டா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கயாக்கும் மலைநடையும் மட்டும் இருந்தால்கூட உங்கள் பயணம் நிறைந்த பயணம்தான்.

ஜெட் படகைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லியம் ஹாமில்டன் என்ற நியூசிலாந்துக்காரர் 1950களில் அதை உருவாக்கினார். ஆழமில்லாத ஆறுகளில் சாதாரணப் படகின் விசிறி கல்லில் மோதி உடையும். இதில் வெளியே நீட்டிய விசிறி இல்லை. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுவதால் கையளவு ஆழத்திலும் ஓடுகிறது. நல்ல பொறியியல். ஆனால் அதே குவீன்ஸ்டவுன் துறையில் 1912-ஆம் ஆண்டுக் கப்பலான எர்ன்ஸ்லா இன்றும் நிலக்கரியில் ஓடுகிறது. மேல்தளத்தில் நின்று, கீழே அடுப்பில் கரி அள்ளிப் போடுகிறவர்களைப் பார்க்கலாம். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் கப்பலில்தான் ஏறுவேன்.

கேள்வி: விசா வேண்டுமா? — போர்ட் லூயிஸ் வாசகர்

மொரீஷியஸ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. புறப்படுமுன் மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும், அதோடு சுற்றுலா வரியும் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியா வழியாகப் போகிறவர்கள் அந்த நாட்டின் இடைநிறுத்த விதியைத் தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் அரசு இணையதளத்தையே நம்புங்கள்.

கேள்வி: மழை பெய்தால் மில்ஃபோர்டு போன பணம் வீண்தானே? படங்களில் எல்லாம் நீல வானம்தான் இருக்கிறது. — வாக்வா வாசகி

இல்லை, அம்மா. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் காத்திருந்தேன்.

சாலை திறந்த மறுநாளும் மழை தூறிக்கொண்டேதான் இருந்தது. விடியுமுன் தே அனாவிலிருந்து புறப்பட்டோம். வழியில் ஹோமர் சுரங்கம் வருகிறது. 1935-இல் கடப்பாரையும் தள்ளுவண்டியுமாகத் தொடங்கிய வேலை. 1954-இல்தான் வண்டிகள் ஓடின. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். சுவரைப் பூசி மெழுகாமல் வெட்டிய பாறையாகவே விட்டிருக்கிறார்கள். உள்ளே சாலை கீழ்நோக்கிச் சரிகிறது. சுரங்க வாயிலில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தபோது ஒரு கேயா கிளி முன்வண்டியின் கூரையில் வந்து இறங்கியது. பச்சைச் சாம்பல் நிறம். சிறகை விரித்தால் அடியில் நெருப்பு நிறம். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை அலகால் கவ்வி, காலை ஊன்றி, நூல் இழுப்பதுபோல் இழுத்தது. பனிமலையில் வாழும் கிளி உலகத்திலேயே அது ஒன்றுதான். அதற்குத் தீனி போடாதீர்கள். மனிதர் தின்பண்டம் அதற்குக் கேடு, பழகிவிட்டால் வண்டிகளுக்கு அருகிலேயே திரிந்து அடிபட்டும் சாகிறது.

சுரங்கத்தைத் தாண்டியதும் இரு பக்க மலைச் சுவர்களிலும் வெள்ளை நூல்கள் தொங்கின. நூறா இருநூறா, எண்ண முடியவில்லை. மில்ஃபோர்டில் ஆண்டு முழுவதும் விழும் பெரிய அருவிகள் போவனும் ஸ்டெர்லிங்கும்தான். மற்றவை எல்லாம் மழைக்குப் பிறந்து, மழை நின்ற சில மணி நேரத்தில் மறைகிறவை. அந்தச் சுவர்கள் ஏறக்குறைய வெறும் பாறை. மண் இல்லை, நீரைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. விழுந்த மழை அப்படியே இறங்குகிறது. நீல வானத்தன்று வருகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

கயாக் இருவர் படகு. முன்னால் நான், பின்னால் காலால் சுக்கானை மிதித்தபடி தோழி. இடுப்பைச் சுற்றிப் பாவாடை போன்ற ஒரு துணியைக் கட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் மாட்டிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே வராது. நடுவில் எல்லோரையும் துடுப்பை நிறுத்தச் சொன்னார் வழிகாட்டிப் பெண். விரலை நனைத்து நாக்கில் வைக்கச் சொன்னார். கடலில் இருக்கிறோம், உப்பில்லை. தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருந்தது. காட்டின் இலைச்சருகில் ஊறி இறங்கிய மழைநீர் அது. உப்புநீரைவிட இலேசானது என்பதால் கடலின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. பிறகு துடுப்பைச் செங்குத்தாக ஆழ இறக்கி, தூக்கி, அதன் நுனியில் சொட்டியதை நாக்கில் விட்டுப் பார்த்தேன். இலேசாக உப்புக் கரித்தது. அந்தக் கறுத்த மேல்நீர் வெளிச்சத்தைத் தடுப்பதால் கீழே சீக்கிரமே இருட்டிவிடுகிறது. மிக ஆழத்தில் வாழும் கறும்பவளம் அங்கே மேலேயே வளர்வதற்கு அதுதான் காரணம் என்றார். ஒரு துடுப்பு ஆழத்துக்குள் இரண்டு கடல்கள் இருப்பதை, மழையில் நனைந்துகொண்டு, நாக்கால் தெரிந்துகொண்டேன். நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். பணத்தை அதில் செலவிடுங்கள்.

கேள்வி: ஃபியோர்டு என்கிறீர்கள், பெயரோ மில்ஃபோர்டு சவுண்ட். இரண்டும் ஒன்றா? — மாணவர், ரோஸ் ஹில்

நல்ல கேள்வி, தம்பி. ஆறு அறுத்த பள்ளத்தாக்கில் கடல் ஏறினால் அது சவுண்ட். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் ஏறினால் ஃபியோர்டு. மில்ஃபோர்டு இரண்டாவது வகை. பெயர் வைத்தவர்கள் தவறாக வைத்துவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பனியாறு குடைந்ததற்கு அடையாளம், சுவர்கள் நேர்குத்தாக இறங்குவதும் தண்ணீர் கரையிலேயே ஆழமாக இருப்பதும். மைட்டர் சிகரம் ஏறக்குறைய 1,690 மீட்டர் உயரம், கடலிலிருந்தே எழுகிறது. நம் நாட்டின் மிக உயரமான சிகரம் 828 மீட்டர். அதைப் போல இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் எட்டாது. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அந்த இடத்தைப் பியோப்பியோதாகி என்கிறார்கள். அவர்களுடைய கதையில் தூ-தே-ராக்கி-ஃபானோவா என்ற தெய்வ ஆற்றல் படைத்தவர் கைக்கோடாலியால் அந்தப் பள்ளங்களை வெட்டினார்.

கேள்வி: என் மகன் பஞ்ஜி குதிக்க வேண்டும் என்கிறான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நீங்கள் குதித்தீர்களா? — மாயெபூர் வாசகர், வயது 56

நான் குதிக்கவில்லை, ஐயா. தோழி குதித்தாள்.

காவராவ் பாலம் 1880-இல் கட்டிய பழைய தொங்குபாலம். 1988 நவம்பரில் ஏ.ஜே. ஹாக்கெட்டும் ஹென்றி வான் ஆஷும் அங்கே கட்டணம் வாங்கிக் குதிக்கவிடும் இடத்தைத் தொடங்கினார்கள். உலகில் நிரந்தரமாக அமைந்த முதல் இடம் அது. ஆற்றுக்கு மேல் 43 மீட்டர். குதிக்கிறவரை எடை போட்டு, அந்த எண்ணைப் புறங்கையில் எழுதுகிறார்கள். கயிற்றை அந்த எடைக்குத் தகுந்தபடிதான் மாட்டுகிறார்கள். தோழியின் கையில் சிவப்பு மையில் எழுதிய அந்த எண் தே அனாவ் போய்ச் சேரும்வரை அழியவில்லை.

போவதற்கு முன்பே நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தோம். ஒருத்தி வேண்டாம் என்றால் மற்றவள் ஒருமுறைகூட வற்புறுத்தக் கூடாது, கேலியும் கூடாது. பாலத்துக்கு முன் நின்று என் மனத்தைக் கேட்டேன், வேண்டாம் என்றது. எதிர்க்கரையில் இருந்த பார்வையாளர் மேடைக்குப் போய்விட்டேன். அவள் இரண்டு நொடி நின்றாள், கையை விரித்தாள், போய்விட்டாள். கீழே ரப்பர் படகில் இழுத்துப் போட்டார்கள். மேலே ஏறி வந்தவள் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பத்து ஆண்டுகளாக அவளை அறிவேன். அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பார்த்ததில்லை.

உங்கள் மகனுக்கு இரத்த அழுத்தம், கண், முதுகெலும்பு, இதயம் இவற்றில் குறை ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. அங்கேயும் உண்மையைச் சொல்ல வேண்டும். குறை இல்லையென்றால் முடிவை அவனிடம் விட்டுவிடுங்கள். நண்பர்கள் தள்ளிக் குதிக்கிறானா, தானாகக் குதிக்கிறானா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மரக்கறி உணவு கிடைக்குமா? ஊறுகாய், மசாலா கொண்டுபோகலாமா? — திரியோலே வாசகி

கிடைக்கும். ஆனால் மலைநடைக்காரர்கள் இரவு தங்கும் மலைக்குடிலில் கடை இல்லை. தூக்கிக்கொண்டு போவதைத்தான் சமைக்க வேண்டும். மைசூர்ப் பருப்பும் அரிசியும் எங்களைக் காப்பாற்றின. மைசூர்ப் பருப்பு சீக்கிரம் வேகும், எரிவாயு மிச்சம். வறுத்து அரைத்த தூளை ஒரு சிறு புட்டியில் வைத்திருந்தேன். குடிலில் அந்த வாசனைக்கு நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜெர்மானியப் பெண் கரண்டியோடு வந்து உட்கார்ந்தேவிட்டாள்.

விமான நிலையத்தில் கவனம். உணவு எதுவானாலும், ஒரு பொட்டலம் பிஸ்கட் ஆனாலும், படிவத்தில் 'உண்டு' என்று எழுதுங்கள். எழுதிவிட்டால் அதிகாரி பார்த்துவிட்டு விடுவார் அல்லது எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். எழுதாமல் அகப்பட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கறிவேப்பிலை, பழம், தேன் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். என் தூளை முகர்ந்து பார்த்துப் புன்னகையோடு திருப்பித் தந்தார்கள். மலைநடைக் காலணியின் அடியில் மண் இருக்கக் கூடாது. புறப்படுவதற்கு முந்தின இரவு பழைய பல்துலக்கியால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துக் கழுவினோம். அந்த நாட்டின் ஆறுகளில் 2004-இல் வெளியிலிருந்து வந்த ஒரு பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு துளி ஈரத்தில்கூட அது ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போய்விடும். அவர்கள் கண்டிப்பாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: லெ பூஸ் மலையில் ஏறிப் பழகினால் போதுமா? — மோக்கா வாசகர்

ஏறுவதற்குப் போதும், சுமப்பதற்குப் போதாது. லெ பூஸ் 812 மீட்டர்; 1836-இல் இங்கே வந்த சார்லஸ் டார்வின் கூட அதில் ஏறினார். நாங்கள் ஆகஸ்டிலிருந்து ஞாயிறுதோறும் ஏறினோம். முதல் மாதம் வெறுங்கையோடு. பிறகு பையில் ஐந்து கிலோ அரிசி, கடைசி மாதம் பத்து கிலோ. கோர் தெ கார்த் மலை முருகன் கோயில் படிகளில் சுமையோடு இறங்கியும் பழகினோம். முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். வனாக்காவின் ராய்ஸ் பீக்கில் போக வர 16 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 1,200 மீட்டருக்கு மேல், நிழலே கிடையாது. உச்சி 1,578 மீட்டர். ஆடுகள் குட்டி போடும் காலத்தில், அதாவது அக்டோபர் 1 முதல் நவம்பர் 10 வரை, பாதை மூடப்படும். தேதி பார்த்துப் போங்கள்.

கேள்வி: இரண்டு பேரும் 19 நாட்கள் ஒன்றாக இருந்தீர்களே, சண்டையே வரவில்லையா அக்கா? — ரோஸ் பெல் வாசகி

வந்தது. அந்த ராய்ஸ் பீக்கில்தான்.

அவள் வேகமாக நடப்பாள். ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக உட்கார்ந்திருப்பாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டியா, போகலாமா" என்று எழுந்துவிடுவாள். அவளுக்கு ஐந்து நிமிட ஓய்வு கிடைத்திருக்கும், எனக்கு ஒரு நொடிகூடக் கிடைத்திருக்காது. ஏழெட்டுத் திருப்பம் இப்படி. நான் வாய் திறக்கவில்லை. உச்சியில் வனாக்கா ஏரியும் அதன் தீவுகளும் காலடியில் விரிந்து கிடக்க, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ரொட்டி தின்றேன். மாலையில் விடுதித் தொட்டியில் காலுறை துவைக்கும்போது அழுகையோடு வெளியே வந்தது. அவள் கையிலிருந்த சோப்பை வைத்துவிட்டு, "எனக்குத் தோணவே இல்லையே" என்றாள். உண்மையாகவே தோன்றியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து மெதுவாக நடப்பவள் முன்னால், வேகமாக நடப்பவள் பின்னால். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம், இருவரும் உட்கார்ந்த பிறகு கணக்கு. அதற்குப் பின் சண்டை இல்லை. உங்கள் தோழியோடு போகுமுன் நடையைப் பற்றியும் காசைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கேள்வி: கெப்ளர் பாதையில் பாதியிலேயே திரும்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவ்வளவு செலவு செய்து போய்த் தோற்றுத் திரும்பலாமா? — ஃபீனிக்ஸ் வாசகர்

தோற்றுத் திரும்பவில்லை, ஐயா. உங்கள் சொல்லை நான் ஏற்கவில்லை.

கெப்ளர் 60 கிலோமீட்டர் வளையம். முதல் நாள் ஏரிக்கரையோடு பாசி படர்ந்த பீச் மரக்காட்டில் நடந்து, பிறகு ஏறி, மரங்கள் சட்டென்று முடிகிற விளிம்பைத் தாண்டி லக்ஸ்மோர் குடிலை அடைந்தோம். கீழே தே அனாவ் ஏரி, 344 சதுர கிலோமீட்டர், தெற்குத் தீவிலேயே பெரியது. இரண்டாம் நாள் வழி முழுவதும் மரமற்ற மலை முதுகு. இரண்டு பக்கமும் சரிவு, ஒதுங்க அவசரக் கூரைகள் இரண்டுதான். மாலையில் குடிலின் காவலர் எல்லோரையும் உட்காரவைத்து மறுநாள் வானிலையை வாசித்தார். பலத்த காற்று, மதியத்துக்கு மேல் மோசமாகும் என்றார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. முதுகில் பையோடு, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து பழக்கமில்லாதவர்கள் யோசியுங்கள் என்றார்.

இரவு வெளியே நின்று பார்த்தேன். கதவை இரண்டு கையால் தள்ள வேண்டியிருந்தது. நாம் சைக்ளோன் நாட்டில் பிறந்தவர்கள். மூன்றாம் எச்சரிக்கை வந்ததும் நம் வீடுகளில் யாரும் விவாதம் செய்வதில்லை. சன்னலை அடைத்து, மெழுகுவத்தி எடுத்து வைத்து உட்கார்ந்துகொள்கிறோம். என் அம்மா எங்களை வளர்த்தது அப்படி. அந்த அறிவை விமானத்தில் ஏறும்போது கழற்றிவைக்க வேண்டுமா? காலையில் எட்டுப் பேர் முன்னோக்கிப் போனார்கள், நாங்கள் ஆறு பேர் கீழே இறங்கினோம். போனவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கு அது சரி, எங்களுக்கு இது சரி. கீழே இறங்கி, மிச்ச நாட்களில் மனப்பூரி ஏரிக்கரையில் நடந்தோம்.

அந்த ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மின்நிலையத்துக்காக அதன் நீர்மட்டத்தை உயர்த்தும் திட்டம் இருந்தது. உயர்த்தியிருந்தால் கரைக்காடுகள் முழுகியிருக்கும். 1970-இல் 2,64,907 பேர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அன்றைய மக்கள்தொகையில் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. 1972 தேர்தலில் ஆட்சி மாறியது, ஏரி உயர்த்தப்படவில்லை. மின்நிலையம் பூமிக்கடியில் ஓடுகிறது, கரை தன் இடத்தில் இருக்கிறது. அந்தக் கரையில் மரவேர்கள் தண்ணீரைத் தொடும் இடத்தில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டோம். கெப்ளரின் மலை முதுகு எதிரே மேகத்துக்குள் இருந்தது.

கேள்வி: என் மகளும் அவள் தோழியும் போக விரும்புகிறார்கள். இரண்டு பெண்கள் தனியாக, அதுவும் ஆண்களும் தூங்கும் குடிலில்... பாதுகாப்பா? — கியூர்ப்பிப், ஒரு தாய்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அக்கா. குடில்களில் ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே கூடம், வரிசையாக மெத்தைப் பலகைகள். எங்களுக்கு எந்தத் தொந்தரவும் நேரவில்லை. பகலெல்லாம் மலையேறியவர்கள் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிறார்கள். டிசம்பரில் அப்போது இன்னும் வெளிச்சமாகவே இருக்கும்.

மனிதரைவிட ஆற்றுக்கும் குளிருக்கும் அதிகம் பயப்படச் சொல்லுங்கள். அங்கே மழையில் ஆறு ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும், ஏறிய ஆற்றைக் கடக்கக் கூடாது. காத்திருந்தால் அதே வேகத்தில் இறங்கும். பருத்தி உடையைத் தவிர்த்துக் கம்பளி உடை எடுத்துக்கொள்ளட்டும். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கைபேசிச் சிக்னல் மலையில் கிடைக்காது. ஆபத்தில் அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தைச் சொல்லும் சிறு கருவியை ஊரிலேயே வாடகைக்குத் தருகிறார்கள். அதை ஒருத்தி எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும். போகும் வழியையும் திரும்பும் நாளையும் யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவசர எண் 111. விபத்துக் காயத்துக்கான சிகிச்சையில் அந்நாட்டு அரசுத் திட்டம் வெளிநாட்டவருக்கும் உதவுகிறது. நோய்க்கு உதவாது, ஆகவே பயணக் காப்பீடு வேண்டும்.

கேள்வி: கொசு உண்டா? — பல வாசகர்கள்

கொசுவைவிடக் கொடியது, மணல் ஈ. கடுகளவுதான் இருக்கும், கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். நடந்தால் கடிக்காது, நின்றால் மொய்க்கும். காற்றிலும் இருட்டிலும் வராது. முழுக்கை, முழுக்கால் உடை அணியுங்கள். இத்தனை அழகான இடத்தில் மனிதர் தங்கிவிடக் கூடாது என்று மாவோரிகளின் மரண தேவதை அவற்றை அங்கே விட்டாள் என்பது கதை.

கேள்வி: குவீன்ஸ்டவுன் ஏரி மூச்சு விடும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். நீங்கள் பார்த்தீர்களா டீச்சர்? — ஆறாம் வகுப்பு மாணவி, போ பாசின்

பார்த்தேன், கண்ணு. அதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்கினேன்.

வகாட்டிப்பு ஏரி 80 கிலோமீட்டர் நீளம், மடங்கிப் படுத்த ஆள் மாதிரி வளைந்திருக்கும். ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போன மாதாவ் என்ற அரக்கனைத் தூங்கும்போது தீ வைத்து எரித்தார்கள், அவன் உடம்பு கிடந்த பள்ளம்தான் ஏரி, இதயம் மட்டும் எரியாமல் இன்னும் அடிக்கிறது என்பது மாவோரி கதை. அறிவியல் சொல்வது வேறு. தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் தூக்கி இறக்கினால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அலையும் அல்லவா? காற்றும் காற்றழுத்தமும் ஏரியை அப்படி ஆட்டுகின்றன. ஏறக்குறைய 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் ஏறி இறங்குகிறது.

கரையில் படகுத்துறைக்குப் பக்கத்தில், நீர் தொட்டும் தொடாமலும் இருந்த ஒரு தட்டையான சாம்பல் கல்லைப் பார்த்து வைத்துக்கொண்டேன். மணி 7.40. சிற்றலைகள் வந்து போனதால் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பத்து நிமிடத்தில் கல்லின் பாதி நனைந்திருந்தது. பிறகு முழுவதும் முழுகி, மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தோழி உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன செய்கிறேன் என்று கேட்டாள், சொன்னேன். அவளும் பார்க்கத் தொடங்கினாள். தண்ணீர் மெல்ல வழிந்து விலகியது. கல்லின் மேல்முகம் வெளியே வந்தது, ஈரம் ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டு வந்தது. கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருந்த வறுவலை இருவரும் தொடவில்லை. "இன்னொரு தடவை பார்த்துட்டுப் போகலாம்" என்றாள்.